பதினோரு பேருக்குத் தெரிந்த பிரேக்

"என் ஆளுங்க யாரும் எங்கிட்ட உண்மையைச் சொல்றதில்லை. என்ன செஞ்சா சொல்லுவாங்க?"

கேட்டவர் கதிரேசன். பதினெட்டு விமானங்கள் ஓட்டும் ஒரு கம்பெனியின் தலைவர். வயது ஐம்பத்தெட்டு.

எதிரில் நின்றவள் அமலோற்பவம். நாற்பது வயது. திருச்சியில் விமானப் பராமரிப்பு கற்றுக்கொடுக்கிறாள். மூன்று வருடம் முன்பு வரை அவர் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட மறுத்தாள். மறு வாரம் வேலை போயிற்று.

தன் பயிற்சிக்கூடத்துக்குத் தேடி வந்தவரை அவள் உட்காரச் சொல்லவில்லை.

"என்ன நடந்துச்சு?"

"போன மாசம் மதுரையில இறங்கும்போது, பிரேக் தேய்ஞ்சு போயிருந்ததால பிடிக்கலை. ஓடுபாதையைத் தாண்டிப் போய் மண்ணுல நின்னுச்சு. உள்ள நூத்தி அறுபத்திரண்டு பேர். நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"பிரேக் தேய்ஞ்சது யாருக்குத் தெரியும்?"

"விசாரிச்சோம். பதினோரு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை."

"அப்புறம்?"

"'தயங்காமல் பேசுங்கள்'னு எல்லா இடத்துலயும் போர்டு வெச்சோம். நானே ஊர் ஊராப் போய்ப் பேசினேன். பேர் சொல்லாம புகார் சொல்ல ஒரு போன் நம்பர் கொடுத்தோம்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஒருத்தர். இன்னொரு விமானத்துலயும் பிரேக் தேய்ஞ்சிருக்குன்னார்."

"என்ன செஞ்சீங்க?"

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரேக்கை மாத்தினோம்."

"வேற?"

"யார் கூப்பிட்டதுன்னு கண்டுபிடிச்சோம்."

அமலோற்பவத்தின் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. அதை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"எதுக்கு?"

"நான் சொல்லலை. மேனேஜர் செஞ்சது. எனக்கு அப்புறம்தான் தெரியும்."

"அந்த மேனேஜர் இப்ப எங்க?"

"அங்கேயேதான் இருக்கார்."

"கூப்பிட்டவர்?"

"விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்கு."

அவள் குரல் தாழ்ந்தது.

"எனக்கு மூணு வருஷமா கோபம் சார். வேலை போனதாலன்னுதான் நினைச்சுட்டிருந்தேன். அதில்லை. நான் மறுத்த அந்த விமானத்துக்கு வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டார். அன்னிக்கே பறந்துச்சு. பயணிங்க குழந்தைக்குப் பால் கலக்கிக்கிட்டு, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு ஏறினாங்க. அவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் கதிரேசன். "தப்புதான். திரும்பி வாங்க. பாதுகாப்புத் துறை முழுசும் உங்க பொறுப்புல விடறேன். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன் தள்ளினாள்.

"உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு, இன்னும் உங்க கம்பெனியில நல்லா இருக்கறவங்க பேரை எழுதுங்க. ஒரு பேர் போதும். எழுதினா வர்றேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சுகந்தி. பைலட்டுகளுக்கு ஓய்வு போதலைன்னு மீட்டிங்ல எழுந்து சொன்னாங்க."

"எங்க இருக்காங்க?"

"ராஜினாமா பண்ணிட்டாங்க."

"அப்ப எழுதாதீங்க."

"மோசஸ். கோ-பைலட். மழையில இறங்கக் கூடாதுன்னு வாதாடி விமானத்தைத் திருப்ப வெச்சார். எரிபொருள் வீணாச்சுன்னு நான்கூட..."

"இப்ப?"

"அவருக்கு கேப்டன் பதவி கொடுக்காம நிறுத்தி வெச்சிருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் அவரே தலையை அசைத்துக்கொண்டார்.

வகுப்புக்கு நேரமாயிற்று. அமலோற்பவம் போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்தாள்.

கதிரேசன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பேனாவின் மை உலர்ந்திருந்தது.

தாளில் ஒரு எழுத்துகூட இல்லை.

"இருபத்தாறு வருஷமா இந்தக் கம்பெனியை நடத்தறேன்" என்றார். "ஒரு பேர்கூட வரலையேம்மா."

அவள் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உங்க ஆளுங்க தினமும் இதைத்தான் சார் படிக்கறாங்க."