அசையாத பறவைகள்

"மனம் அடங்காதவன் என்று எல்லோர் முன்னாலும் என்னைச் சொன்னீர்களே அம்மா. அது நியாயமா?"

கேட்டவன் சேந்தன். தாடி நரைத்தவன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு நாச்சி, அவனைவிட வயதில் சிறியவள்.

அவர்களுடைய மடம் ஒரு தீவில், முட்காட்டுக்குள் இருந்தது. விடியலில் அவரவர் மரத்தடியில் தனித்தனியே தவத்துக்கு உட்காருவார்கள். குரு மரப்பலகையைத் தட்டும்வரை எழக்கூடாது. எழுந்தவன் அன்று முழுக்க மடத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும்.

"ஒருநாளாவது நான் தண்ணீர் இறைத்திருக்கிறேனா?"

"இல்லை. அதுதான் கை இவ்வளவு மெத்தென்று இருக்கிறது."

"கேலி வேண்டாம் அம்மா. அந்தப் பறவைகளிடம் கற்றேன் நான்."

பழுப்பு நிறப் பறவைகள். அந்தத் தீவில் மட்டுமே வாழ்பவை, அங்கேயும் அருகிவிட்டன. இறக்கை உண்டு, பறப்பதில்லை. தாய், தகப்பன், மூன்று குஞ்சுகள் என்று ஒரு குடும்பம் அவன் மரத்தடியில் சருகு கிளறித் திரியும்.

"பாம்பு வந்தாலும் பருந்து நிழல் விழுந்தாலும் நின்ற இடத்தில் அப்படியே நிற்கும். எப்பேர்ப்பட்ட அமைதி!"

"கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா?"

"அதன் தவத்தைக் கலைப்பேனா?"

நாச்சி கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள்.

மறுநாள் சேந்தன் தவத்தில் இருந்தபோது ஒருவன் சாக்குடன் வந்தான். இடுப்பில் கத்தி.

பறவைகள் அசையாமல் நின்றன.

அவன் காளான் பறிப்பதுபோல் தாயை எடுத்துச் சாக்கில் போட்டான். பிறகு தகப்பனை. பிறகு குஞ்சுகளில் இரண்டை. கடைசிக் குஞ்சைக் குனிந்து பார்த்தான்.

"இது ஒரு வாய்க்குக் காணாது."

பிறகு சேந்தனைப் பார்த்தான்.

"இந்தச் சாமியையும் சாக்கில் போடலாம்போல."

சிரித்துக்கொண்டே துறைப்பக்கம் போனான்.

சேந்தன் கண் இமைக்கவில்லை.

பலகை தட்டும் நேரம் நெருங்க, நாச்சி அந்த வழியாக வந்தாள். தரையில் இறகுகள் கிடந்தன.

"மற்றப் பறவைகள் எங்கே?"

"ஒருவன் பிடித்துக்கொண்டு போனான் அம்மா. இப்போதுதான். எனக்குப் பெரிய சோதனை. நான் அசையவே இல்லை."

"எவ்வளவு தூரத்தில் நின்றான்?"

"கைக்கெட்டும் தூரத்தில்."

"நீ ஒரு சத்தம்கூடப் போடவில்லையா?"

"அமைதியாக இருந்தேன் அம்மா."

நாச்சி குனிந்தாள். அவன் முழங்காலை ஒட்டி அந்தக் குஞ்சு இன்னும் கல்போல நின்றது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினாள். அந்தக் கையை அப்படியே அவன் நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள்.

குஞ்சு அசையவில்லை. ஆனால் விரல்களுக்குள் அதன் நெஞ்சு வெடித்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

அடிப்பது குஞ்சின் நெஞ்சா, தன் நெஞ்சா என்று சேந்தனுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

"துறையில் ஒரு படகு நிற்கிறது. இன்னும் கிளம்பவில்லை," என்றாள் நாச்சி.

சேந்தன் குஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். கத்திக்கொண்டே முள்ளுக்குள் விழுந்து ஓடினான்.

பின்னால் பலகைச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.