கொம்பையாவுக்கு இன்றைக்கு என்ன நோய்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளே நடந்த கதை. சத்தம் போட்டுச் சொன்னால் யாராவது முழித்துக்கொள்வார்கள்.

"மேடம், எனக்கு வேற கேஸ் குடுங்க" என்றான் இசக்கிராஜா.

அன்றைக்குத் திங்கட்கிழமை. டாக்டருக்குப் படிக்கிற பையன் அவன். அதுவரைக்கும் புத்தகத்தையும் பிணத்தையும்தான் பார்த்திருந்தான். மூச்சு விடுகிற நோயாளி பக்கத்தில் போய் நின்றது அன்றைக்குத்தான்.

"ஏன், இந்தக் கேஸுக்கு என்ன?"

கேட்டவர் ஜெபக்கனி மேடம். அந்த வார்டுக்குப் பெரிய டாக்டர் அவர்தான். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதென்று வார்டுக்குள் ரப்பர் செருப்புதான் போட்டு நடப்பார்.

"என் க்ளாஸ் ஜாபருக்குக் கிடைச்சது மண்ணீரல் வீங்கித் தொப்புள் வரைக்கும் வந்த கேஸ் மேடம். எனக்கு வெறும் கால் வீக்கம்."

"வெறும் கால் வீக்கமா?"

"இருதயம் பலவீனம்னு நீங்களே எழுதிட்டீங்க. நான் கண்டுபிடிக்க என்ன இருக்கு?"

மேடம் கட்டிலைப் பார்த்தார். வார்டின் இந்தக் கோடியில், ஜன்னல் ஓரமாக, கொம்பையா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷர். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. கால் இரண்டும் பொம்மென்று வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து, குழி அப்படியே நின்றது.

"நீர் பிரியறதுக்கு மாத்திரை குடுத்திருக்கேன். வீக்கம் வடியணும். வடியலை. கூட்டிக் குடுத்தேன். அப்பவும் வடியலை. ஏன்னு எனக்குத் தெரியலை."

பெரிய டாக்டர் ஒருவர் தெரியலை என்று சொல்லி அவன் இதுவரை கேட்டதில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் மதுரைக்கு அனுப்பணும். அவர் வீட்டம்மா பூவம்மா பீடி சுத்துது. வேலை முடிஞ்சு டவுன் பஸ்ல வந்து, தினம் ஒரு பார்வை பாத்துட்டுப் போகுது. மதுரைக்கு அதால வர முடியாது. ஏன் வடியலைன்னு கேட்டுச் சொல்லு."

அவ்வளவு பேச்சு அவரிடமிருந்து வந்ததே பெரிய விஷயம்.

இசக்கிராஜா கட்டிலின் வலப்பக்கம் போய் நின்றான். நோயாளிக்கு வலப்பக்கம்தான் நிற்க வேண்டும் என்று பாடம். கையில் நோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், புதுசு, கடை வாசனை போகாதது.

"ஐயா, பசி மந்தமா இருக்கா?"

"இருக்கு தம்பி."

"கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மூத்திரம்?"

"மஞ்சன்னா மஞ்ச, அப்படியொரு மஞ்ச."

பையன் மேடத்திடம் ஓடினான்.

"மேடம், அவருக்கு ஈரல்."

"காலையில என்ன க்ளாஸ்?"

"ஈரல், மேடம்."

"சரி. நாளைக்கும் போ."

செவ்வாய்க்கிழமை காலையில் கிட்னி பாடம். பத்து மணிக்குக் கொம்பையாவுக்கு இடுப்பு வலி இருந்தது, முகம் வீங்கியிருந்தது, மூத்திரம் நுரை நுரையாகவும் போயிற்று.

"கிட்னி, மேடம்."

"நேத்து ஈரல்."

"அதுவும் இருக்கும் போல மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "நாளைக்கும் போ."

புதன்கிழமை காசநோய். அன்றைக்குக் கொம்பையா வாயால் சொன்னதோடு நிற்காமல், பையனுக்கு ஒத்தாசையாக இரண்டு தரம் இருமியும் காட்டினார். பக்கத்துக் கட்டில் ஓரம் நின்றிருந்த ஜாபர் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான்.

"லேய், இந்த ஆளுக்கு இன்னும் பிள்ளைப்பேறு ஒண்ணுதாம்ல பாக்கி" என்றான் ஜாபர். "அந்த க்ளாஸ் என்னைக்கு?"

வியாழக்கிழமை நரம்பு. கொம்பையாவுக்குப் பெருவிரல் மரத்துப்போயிருந்தது.

அன்றைக்கு இசக்கிராஜா ஓடவில்லை. நடந்தே வந்தான்.

"மேடம், எல்லாத்துக்கும் ஆமாங்கறார். பொய் சொல்ற முகமா இல்லை. ஆனா ஒரே ஆளுக்கு இத்தனையும் இருக்காது."

"இருக்காது."

"அப்ப நான் கேக்கறதுலதான் கோளாறா? கேள்வியெல்லாம் புத்தகத்துல இருக்கற மாதிரியேதான் கேட்டேன்."

மேடம் அவன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நோட்டையும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு க்ளாஸுக்கு வராதே."

"மேடம், அட்டெண்டன்ஸ்..."

"நேரா வார்டுக்குப் போ."

"போய் என்ன கேக்கட்டும்?"

ரப்பர் செருப்புக்குச் சத்தம் கிடையாது. அவர் போய்விட்டதே அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வெறுங்கையோடு போனான். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோட்டுப் பையில் விட்டான், எடுத்தான், மறுபடியும் விட்டான்.

"வாங்க டாக்டர் தம்பி" என்றார் கொம்பையா. "இன்னைக்கு என்ன நோய்?"

"இன்னைக்கு க்ளாஸ் இல்லை ஐயா."

"அப்ப எனக்கும் லீவுதான்."

பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இந்த வாரத்தில் அந்தக் கட்டில் பக்கம் அவன் உட்கார்ந்ததே இப்போதுதான். வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்க்கவும் தோன்றவில்லை.

கொம்பையா அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "காலையில சாப்பிடலியோ?"

"ஹாஸ்டல்ல லேட்டாயிட்டு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டி இருந்தது. கொம்பையா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பேப்பரை விரித்து, மடிப்பை நீவி, அவன் மடிமேல் வைத்தார். ரொட்டித் துண்டு இரண்டை எடுத்து விரல் படுகிறதே தெரியாமல் வைத்தார். தம்ளரில் பாலை ஆற்றி ஒரு சொட்டு சிந்தாமல் நீட்டினார். அந்தக் கையில் நடுக்கமே இல்லை.

"இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"போதும் ஐயா."

இன்னொன்று விழுந்தது.

"போதும்னேனே."

"கையை இலைக்கு மேல நீட்டித் தடுத்தாத்தான் போதும்னு அர்த்தம். வாயால சொன்னா, இன்னொண்ணு வைன்னு அர்த்தம்."

"ஐயா பரிமாறுற வேலையா?"

"இந்தத் தாலுகாவுல எந்தக் கல்யாண வீட்டுல வேணாலும் கேட்டுப் பாரும். பந்தின்னா கொம்பையா. சமையலுக்கு யாரும் வரலாம். பந்திக்கு நான் வரணும். வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நான் வாளியோட இறங்குனேன்னா, கடைசி இலை எடுக்கறவரைக்கும் வேட்டியில ஒரு கறை இருக்காது."

பையன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதுல ஒரு சட்டம் இருக்கு. யாரு என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்லப்படாது. பாயசம் தீந்து, அண்டாவைக் கழுவிக் கவுத்தாச்சுன்னு வையும். ஒருத்தர் பாயசம் கேக்காரு. ‘வருது’ன்னுட்டு நகர்ந்துரணும். நல்ல காரியம் நடக்கற வீட்டுல இல்லைங்கற வார்த்தை விழலாமா? எனக்கு அது நாக்குல ஏறிப்போச்சு. பூவம்மாட்டகூட நான் இல்லைன்னு சொன்னது கிடையாது."

பையன் வாயில் வைத்த ரொட்டி அப்படியே நின்றது.

"அப்ப... இருமல் இருக்கான்னு கேட்டேனே?"

"நீரு அவ்வளவு ஆசையா கேட்டீரு தம்பி. எப்படி இல்லைங்கது?"

இசக்கிராஜா சிரித்துவிட்டான். கொம்பையாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கினபோது பையனுக்கு, தினமும் காலையில் சிஸ்டர் வந்து ‘மாத்திரை போட்டாச்சா?’ என்று கேட்பது ஞாபகம் வந்தது. ‘ஆச்சும்மா’ என்று இவர் சொல்வதும்.

கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. கேட்டால் ஆச்சு என்பார்.

சும்மா உட்கார்ந்திருந்தான். அந்தப் பிள்ளை வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கொம்பையா காலைக் கீழே தொங்கப் போட்டார். "இந்தா வாரேன்" என்று எழுந்தார்.

கக்கூஸ் வார்டின் அந்தக் கோடியில். நடுவில் இரண்டு பக்கமும் கட்டில் கட்டிலாக ஆட்கள். கொம்பையா நாலு எட்டு வைத்தார். ஒரு கட்டிலின் கம்பியைப் பிடித்து நின்றார். "சாப்பாடு ஆச்சா?" என்று அதில் இருந்தவரைக் கேட்டார். அவர் ஆச்சு என்றார். இன்னும் நாலு எட்டு. இன்னொரு கம்பி. "சாப்பாடு ஆச்சா?"

பாசமான மனுஷர் என்றுதான் வார்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இசக்கிராஜாவும் அப்படித்தான் நினைத்திருந்தான். பின்னாலேயே நடந்து போனதால் இன்றைக்கு அவர் முதுகு தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அந்த முதுகு எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது.

திரும்பி வந்து கட்டிலில் விழுந்தவருக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. பையன் தண்ணீர் எடுத்தான். அவர் கையை நீட்டித் தடுத்தார். அது பந்தித் தடுப்பு. போதும் என்று அர்த்தம்.

"தண்ணி குடிச்சா மறுபடியும் போவணும்லா" என்றார்.

பையன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"அந்த மாத்திரையைப் போட்டா மணிக்கொரு தரம் இழுத்துக்கிட்டுப் போவுது தம்பி. போட்ட முத நாளே பாதி வழியில வேட்டி நனைஞ்சுபோச்சு. வார்டைக் கூட்டிக்கிட்டிருந்த பிள்ளை பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டா. படுக்கையிலயே போறதுக்குப் பாட்டில் குடுத்தாவ. இத்தனை ஆளுக்கு நடுவுல எனக்கு அதுல வரலை."

இடுப்பு மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள்.

"யாருட்டயும் சொல்லிராதீரும். பெரிய டாக்டரம்மாட்ட சொன்னா வருத்தப்படும். நல்ல பொம்பளை அது."

"ஐயா, நாளைக்கு உங்களை மதுரைக்கு அனுப்பிருவாங்க."

"தெரியும்."

"அங்க பூவம்மா வர முடியாது."

கொம்பையா மேலே சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை. மேடம் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் சின்ன டாக்டர்கள், சிஸ்டர், பசங்கள் ஒரு கும்பல். மதுரைக்குப் போகிற ஆம்புலன்ஸ் கீழே நிற்கிறது என்று சிஸ்டர் சொன்னார்.

மேடம் கொம்பையாவின் காலை அமுக்கினார். குழி விழுந்தது. நின்றது.

"இசக்கி, ஏன் வடியலை?"

இசக்கிராஜா கொம்பையாவைப் பார்த்தான். கொம்பையா ஃபேனைப் பார்த்தார். சொன்னால் அவர் நம்பிச் சொன்னது வெளியே போகும். சொல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்.

"கக்கூஸ் தூரம், மேடம்" என்றான்.

ஜாபர் சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு சின்ன டாக்டர், "என்ன டயக்னோசிஸ்ப்பா இது?" என்றார்.

மேடம் திரும்பி வார்டைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒவ்வொரு கட்டிலாக. கடைசியில் கக்கூஸ் கதவு. அதை ஒட்டி ஒரு காலி இடம். நாற்றத்துக்குப் பயந்து அங்கே கட்டில் போட்டுக்கொள்ள யாரும் சம்மதிப்பதில்லை.

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

மேடம் குனிந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். கால்மாட்டை இசக்கிராஜா ஏற்கெனவே பிடித்திருந்தான்.

"நான் இறங்கிக்கிடுதேம்மா" என்றார் கொம்பையா.

"படுத்திருங்க."

துருப்பிடித்த சக்கரம் கிறீச்சிட்டது. கொம்பையாவை வைத்தபடியே கட்டில் வார்டின் நடுவே தேர் மாதிரி போயிற்று. இரண்டு பக்கமும் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஜாபரும் வந்து ஒரு பக்கம் கை கொடுத்தான். கக்கூஸ் கதவை ஒட்டிக் கட்டில் நின்றது. கொம்பையா கையை நீட்டினால் கதவு இடிக்கும்.

மற்றவர்கள் தூரத்தில் நின்றார்கள். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கொம்பையா அய்யா, மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"

கொம்பையா கதவைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். கால்மாட்டில் மூச்சுவாங்கிக்கொண்டு நின்ற பையனைப் பார்த்தார். நாக்கை இரண்டு தரம் புரட்டினார்.

"இல்லம்மா" என்றார்.

ஜெபக்கனி மேடம் எழுந்தார். கூஜாவை எடுத்து, தம்ளரில் ஒரு சொட்டு சிந்தாமல் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.