கரும்பாறைப் பாடம்

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், ஆழமில்லாத ஒரு குளத்தின் கரையில், மான்குட்டிகளுக்குப் பள்ளி ஒன்று நடந்தது. மருதி என்ற புள்ளிமான் அதன் ஆசிரியை.

மருதி இயல்பில் கடுமையானவள் அல்லள். முந்தைய கோடையில் செந்நாய்கள் மான்கூட்டத்தின்மேல் பாய்ந்தன. மரத்தின் மேலிருந்து குரங்கு எச்சரித்தும், குட்டிகள் மிரண்டு ஆளுக்கொரு திசையில் ஓடின. மருதியின் மூத்த மகள் ஓடிய திசையில்தான் செந்நாய்கள் நின்றிருந்தன.

அன்று மருதி ஒரு முடிவு செய்தாள். 'இனி எந்தக் குட்டியும் பயத்தில் யோசித்துத் தடுமாறக் கூடாது. யோசிக்க வேண்டியதையெல்லாம் நானே யோசித்துவிடுகிறேன்.'

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பள்ளி.

தினமும் காலையில் குட்டிகள் குளக்கரையில் ஒரே வரிசையில் நிற்கும். மருதி முன்னால் நின்று கேட்பாள்.

"குரங்கு மாமா கத்தினால்?"

"தலை நிமிர்வோம்!"

"நிமிர்ந்து?"

"கக்! கக்! என்று நாமும் சொல்வோம்! எல்லோருக்கும் கேட்கச் சொல்வோம்!"

"நான் காலைத் தரையில் உதைத்தால்?"

"ஓடுவோம்!"

"எங்கே?"

"கிழக்கே! கரும்பாறைக்கு!"

மருதி காலை உதைப்பாள். குட்டிகள் வரிசை கலையாமல் கரும்பாறைக்கு ஓடும். எப்போதும் முதலில் போய்ச் சேர்பவன் தினையன். அவன் மருதியின் மகன். இழந்தது போக அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை. வகுப்பில் அவனும் அவளை 'டீச்சர்' என்றுதான் அழைக்க வேண்டும். வீட்டில்தான் அம்மா.

அந்த வரிசையின் கடைசியில் தும்பை என்ற பெண்குட்டி நின்றாள். அவளுக்கு ஓடத் தெரியும், ஒப்பிக்கத் தெரியும். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது.

"டீச்சர், ஆபத்தே கிழக்கிலிருந்து வந்தால்?"

குட்டிகள் சிரித்தன.

"ஆபத்து மேற்குப் புல்வெளியிலிருந்துதான் வரும், தும்பை. இதுவரை அப்படித்தான் வந்திருக்கிறது."

"குரங்கு மாமா எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறார் என்று பார்த்துவிட்டு ஓடலாமே?"

"பார்த்துக்கொண்டே நின்றால் ஓடுவது எப்போது? பாடத்தின் நடுவில் பேசாதே!"

மறுநாளும் தும்பை கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். பள்ளியின் ஓரத்தில் ஒரு பழைய கறையான் புற்று இருந்தது. பாடத்தைக் குலைக்கும் குட்டி அதைப் பார்த்தபடி, எல்லோருக்கும் முதுகு காட்டி நிற்க வேண்டும். தும்பை அந்தப் புற்றின் முன் பல காலைப்பொழுதுகளைக் கழித்தாள்.

"பாடம் முடிந்ததும் கேளேன்! எதற்காக நடுவில் வாயைத் திறந்து மாட்டிக்கொள்கிறாய்?" என்றான் தினையன். அவனுக்கு அவளைப் பிடிக்கும்.

"பாடம் முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்களே!"

"அப்படியானால் கேட்காதே. நான் ஏதாவது கேட்கிறேனா? முதல் ஆளாக வருகிறேனா இல்லையா?"

தும்பை மெல்ல மெல்ல அடங்கினாள். கேள்வி வாய்வரை வரும், புற்று நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வாள். மருதி அதை முன்னேற்றம் என்று எண்ணினாள்.

நாவல் மரத்தின் மேல் கருமுகன் என்ற குரங்கு வசித்தது. அது பழங்களைக் கீழே உதிர்க்கும், மான்கள் தின்னும். சிறுத்தையோ செந்நாயோ கண்ணில் பட்டால் அது கத்தும், மான்கள் பிழைக்கும். இது பரம்பரை நட்பு.

"என்ன மருதி அக்கா! உன் பிள்ளைகள் என்னைவிட நன்றாகக் கத்துகிறார்களே! இனி நான் தூங்கப் போகலாமா?" என்று கருமுகன் ஒருநாள் கிண்டல் செய்தது.

"தாராளமாகத் தூங்கு! பாதி நேரம் நீ தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாய்?"

"நல்ல பதில்! ஆனால் ஒன்று, அக்கா. நான் கண்ணால் பார்த்துவிட்டுக் கத்துகிறேன். இவர்கள் உன் முகத்தைப் பார்த்துக் கத்துகிறார்கள்."

"ஒழுங்கு என்றால் அப்படித்தான் இருக்கும்!" என்றாள் மருதி. கருமுகன் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு பழத்தைக் கடித்தது.

கோடை தொடங்கியது. ஒருநாள் கூட்டத்து மான்கள் எல்லாம் பிள்ளைகளின் தேர்வைப் பார்க்க வந்தன. குட்டிகள் ஒரே குரலில் ஒப்பித்தன. ஒரே தாவலில் ஓடின. தலைவன் கலைமான் கொம்பை ஆட்டி மெச்சியது.

"ஒரு தப்பில்லை! இப்படி ஒரு பள்ளி நான் குட்டியாக இருந்தபோது இல்லையே!"

தும்பையின் தாய் மருதியின் அருகில் வந்து சொன்னாள்: "முன்பெல்லாம் இவள் அது என்ன, இது ஏன் என்று என் காதைத் துளைத்தெடுப்பாள். இப்போது வாயே திறப்பதில்லை. உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், டீச்சர்!"

மருதிக்கு மனம் நிறைந்தது.

கரும்பாறைக்குப் பின்னால், ஈச்சம்புதருக்குள் ஒரு கிழட்டுச் சிறுத்தை படுத்திருந்தது. அதன் முன்னங்கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு நரி.

"அண்ணே, இப்படிப் பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துவிடுவீர்களா?"

"வேறென்ன செய்ய? மேற்கே புல்லெல்லாம் காய்ந்து தரையோடு படுத்துவிட்டது. ஒளிய இடமில்லை. துரத்தலாம் என்றால் காலும் வரவில்லை."

"நீங்கள் ஏன் ஓட வேண்டும்? அங்கே கேளுங்கள்!"

குளக்கரையிலிருந்து குரல்கள் வந்தன. "எங்கே?" "கிழக்கே! கரும்பாறைக்கு!"

சிறுத்தையின் காதுகள் நிமிர்ந்தன. "தினமும் இப்படித்தானா?"

"தினமும்!"

"ஒருத்தர்கூட வேறு பக்கம் திரும்புவதில்லையா?"

"திரும்பினால் புற்றுதான், அண்ணே!"

சிறுத்தை அவசரப்படவில்லை. அது தினமும் குரங்கின் கண்ணில் படாமல் வந்து கவனித்தது. எந்தக் குட்டி முன்னால் வருகிறது, பாறையை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டது. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு சருகை மிதித்துச் சோதித்தது. எந்தக் குட்டியும் திரும்பவில்லை. பள்ளியில் சேராமல், கேட்டும் பார்த்தும் சோதித்தும் அந்தப் பாடத்தை முழுமையாகக் கற்றுக்கொண்டது அந்தச் சிறுத்தை மட்டுமே.

ஒரு காலையில் வகுப்பு வழக்கம்போல் தொடங்கியது.

வரிசையின் கடைசியில் நின்ற தும்பை கரும்பாறையைப் பார்த்தாள். நாள்தோறும் அந்த நேரத்தில் பாறையின் மேல் ஒரு மயில் நின்று இறகு உலர்த்தும். இன்று மயில் இல்லை. பாறையிடுக்கில் விளையாடும் அணில்களும் இல்லை. ஈச்சம்புதர் அசைந்தது. காற்று வீசவில்லை.

தும்பை வாயைத் திறந்தாள். மருதி அவளைப் பார்த்தாள்.

"தும்பை! பாடம்!"

தும்பை வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கணத்தில் மரத்தின் மேல் கிளைகள் குலுங்கின. கருமுகன் கிழக்கே பார்த்தபடி கத்தியது. "கக்! கக்! கக்!"

உண்மையான குரல்! குட்டிகள் நொடியும் தாமதிக்கவில்லை. தலைகள் நிமிர்ந்தன. "கக்! கக்!" என்று அத்தனை வாய்களும் ஒன்றாக முழங்கின. அவ்வளவு அழகாக அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

"கிழக்கே வேண்டாம்! பாறைக்குப் போகாதீர்கள்!" என்று கருமுகன் தொண்டை கிழியக் கூவியது. "அது பாறைக்குப் பின்னால் இருக்கிறது!"

கீழே எழுந்த முழக்கத்தில் அந்தச் சொற்கள் மூழ்கிப்போயின.

மருதி மேற்கே பார்த்தாள். புல்வெளி வெறிச்சோடிக் கிடந்தது. அவள் தயங்கினாள். ஆனால் அவளுடைய கால் தயங்கவில்லை. எத்தனையோ காலைகளில் உதைத்துப் பழகிய கால் அது. உதைத்தது.

குட்டிகள் ஓடின. தினையன் முதலில் ஓடினான்.

தும்பை மட்டும் ஓடவில்லை.

பாறையின் நிழலிலிருந்து வேறொரு நிழல் பிரிந்தது. "அம்மா!" என்று ஒரு குரல் கேட்டது. பள்ளி நேரத்தில் தினையன் அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. மறுபடி அழைக்கவில்லை.

மாலைக்குள் மற்றக் குட்டிகள் சிதறிய இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மருதி கரும்பாறைவரை போனாள். பாறையைச் சுற்றி மகனின் சின்னக் குளம்படிகள் வந்திருந்தன. திரும்பிய தடம் இல்லை. அவள் அந்தத் தடங்களை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து வந்தாள்.

குளக்கரையில் தும்பையைக் காணோம். மருதி பதறித் தேடினாள். தும்பை புற்றின் முன்னால், அதைப் பார்த்தபடி, முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

"ஏன் இங்கே நிற்கிறாய், தும்பை?"

"நான் பார்த்தேன், டீச்சர்."

"எதைப் பார்த்தாய்?"

"பாறைமேல் மயில் இல்லை. காற்று இல்லாமல் புதர் அசைந்தது."

"பார்த்தாயா? பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை?"

தும்பை திரும்பவில்லை. புற்றிடமே சொன்னாள்.

"பாடம் முடியவில்லையே, டீச்சர்."

மருதியும் புற்றைப் பார்த்தபடி தும்பையின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்கே நிற்க வேண்டியவள் நீ இல்லை, அம்மா. நான்தான். நீ வீட்டுக்குப் போ. உன் தாய் தேடுவாள்."

தும்பை போகவில்லை. இருட்டும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

மறுநாள் மான்கள் கூடின. எல்லோரும் மருதிக்காக அழுதார்கள். பிறகு தலைவன் கலைமான் சொன்னது: "பள்ளி நல்ல பள்ளிதான். திசைதான் தவறிவிட்டது. இனி மேற்கே ஓடக் கற்றுக்கொடு, மருதி."

"ஆமாம்! மேற்கே! மேற்கே!" என்றன மற்ற மான்கள்.

"மேற்கே ஓடக் கற்றுக்கொடுத்தால், அடுத்த வாரம் சிறுத்தை மேற்கே வந்து உட்காரும்" என்றாள் மருதி. "என் மகன் பாடத்தை மறந்ததனால் சாகவில்லை. ஓர் எழுத்து பிசகாமல் படித்திருந்தான். நான் அவனுக்கு விடையைக் கொடுத்தேன். கண்ணையும் காதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்."

தலைவன் கலைமான் கொம்பைத் தாழ்த்தியது.

அதன் பிறகு பள்ளியில் வரிசை இல்லை. குட்டிகள் வட்டமாக, வெளியே பார்த்து நின்றன; ஒவ்வொரு குட்டிக்கும் காட்டின் ஒரு பக்கம். மருதி முன்னால் நிற்பதை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நின்றாள். ஒப்பிக்கச் சொல்லவில்லை. "நேற்று இருந்த எது இன்று இல்லை?" என்று கேட்டாள். "போய் மோந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். குட்டிகள் தவறான விடைகளோடு திரும்பி வந்தன. முயலின் வாசனையைப் புலி என்றது ஒன்று. மற்றவை விழுந்து விழுந்து சிரித்தன. "ஏன் புலி என்று நினைத்தாய்? சொல்!" என்று மருதி பொறுமையாகக் கேட்டாள். கருமுகன் கத்தியபோது யாரும் உடன் கத்தவில்லை. எல்லோரும் முதலில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தார்கள். கால் வீங்கிய சிறுத்தை கிழக்கே சில நாள் காத்திருந்தது. பிறகு அந்தக் காட்டையே விட்டுப் போயிற்று.

தும்பை மட்டும் பேசவில்லை. வட்டத்தில் நிற்பாள். பார்ப்பாள். கேட்டால் "தெரியாது, டீச்சர்" என்பாள். அடக்கப்பட்ட வாய் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. மருதி அவளை வற்புறுத்தவில்லை. தினமும் அவள் அருகே வந்து சிறிது நேரம் நிற்பாள். பிறகு நகர்ந்து விடுவாள்.

மழைக்காலம் வந்தது. குளம் நிறைந்தது. ஒரு காலையில், பாடம் நடந்துகொண்டிருந்தபோது, நடுவில் ஒரு குரல் எழுந்தது.

"டீச்சர்!"

குட்டிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மேலே கருமுகன் பழத்தைக் கடிப்பதை நிறுத்தியது.

"கேள், தும்பை."

"அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கத்தாமல் இருந்திருந்தால், மாமா சொன்னது தினையனுக்குக் கேட்டிருக்குமா?"

மழைத்துளிகள் நாவல் இலைகளிலிருந்து குளத்தில் விழுந்துகொண்டிருந்தன. மருதி அந்தக் கேள்வியை ஒவ்வோர் இரவும் தனக்குள் கேட்டுக்கொண்டவள். வேறொரு காலமாக இருந்தால், பாடத்தின் நடுவில் பேசாதே என்று சொல்லி அதிலிருந்து தப்பியிருப்பாள்.

"கேட்டிருக்கும், அம்மா" என்றாள் மருதி.

தும்பை தலையாட்டினாள். பிறகு வட்டத்தில் தன் இடத்துக்குப் போய், கிழக்கே கரும்பாறையைப் பார்த்து நின்றாள். பாறையின் மேல் மயில் நனைந்துகொண்டிருந்தது.

குழந்தையின் கேள்வியை அடக்கிவிட்டுப் புகட்டும் பாடம், எவ்வளவு அழகாக ஒப்பிக்கப்பட்டாலும், ஆபத்து வரும் நாளில் அந்தக் குழந்தையைக் காப்பாற்றாது.