கரடியின் வயிற்றுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

ஒரு காட்டில் அடுப்பு என்பதே கிடையாது. இதில் வியக்க ஒன்றுமில்லை, குழந்தைகளே. எந்தக் காட்டிலும் கிடையாது. புலி மானை வேகவைத்துத் தின்றதாகவோ, யானை மூங்கில் குருத்தைத் தாளித்துச் சாப்பிட்டதாகவோ இதுவரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. அங்கே எல்லாரும் பச்சையாகவே தின்றார்கள். அதற்காக யாரும் யாரிடமும் பெருமை பேசியதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அவன் பெயர் பொதியப்பன். கரடி.

காட்டின் ஓரத்தில் ஒரு முனியப்பசாமி கோயில் இருந்தது. ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் ஊரார் வந்து, கல் கூட்டி, சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். வாழையிலை போட்டுப் படைப்பார்கள். படைத்தபின் திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பார்த்தால் சாமி கோபித்துக்கொள்ளுமாம். பார்த்திருந்தால் அவர்கள் கண்ணில் சாமி பட்டிருக்காது. முகமெல்லாம் நெய்யாக உட்கார்ந்திருக்கும் பொதியப்பன்தான் பட்டிருப்பான்.

அவன் தின்று முடித்த இலையை நக்குவதற்கென்று ஒருவன் புதரடியில் காத்திருப்பான். அவன் நயவன் என்ற நரி. நரிகளுக்குப் பொறுமை உண்டு. ஆனால் இலையை மட்டுமே நக்கி நக்கி எந்தப் பொறுமையும் தேய்ந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொதியப்பன் அளவுக்கு மீறித் தின்றுவிட்டான். கோயில் வேம்பின் அடியில் மல்லாந்தான். வயிறு 'கடமுடா' என்றது. பிறகு 'கொர்ர்ர்' என்றது.

நயவன் மெல்லப் பக்கத்தில் வந்தான். முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டான்.

"அண்ணே, உங்கள் உடம்பு பேசுகிறது. காதில் விழவில்லையா?"

"சத்தம் வருகிறது. பேச்சென்று தெரியாது" என்றான் பொதியப்பன்.

"அதுதான் இந்தக் காலத்தின் கேடு. உடம்பு கத்திக் கத்திச் சொல்கிறது. நாம் கேட்பதே இல்லை. காதை வயிற்றில் வைத்துக் கேளுங்கள் அண்ணே."

பொதியப்பன் குனிந்தான். கரடிக்குக் காது உண்டு, வயிறும் உண்டு. ஆனால் பொங்கல் தின்ற கரடிக்கு இவை இரண்டும் சந்திக்கும் வழி கிடையாது. அவன் முக்கினான், முனகினான், ஒருபுறமாகச் சாய்ந்து இன்னொருபுறமாக உருண்டான். காது மார்பைக்கூட எட்டவில்லை.

"நீயே கேட்டுச் சொல்லேன், தம்பி."

இதற்காகவே காத்திருந்த நரி, கரடியின் வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "ஓகோ" என்றான். "அப்படியா" என்றான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"என்ன சொல்கிறது?"

"சொல்லவே நாக்கு கூசுகிறது அண்ணே. நெருப்புப் பட்டதை எல்லாம் எனக்குள் போடுகிறானே பாவி என்று அழுகிறது. தீயில் உயிர் போன சோற்றைத் தின்றால் உடம்பிலும் உயிர் போய்விடுமாம். இனிமேல் பச்சையாகத்தான் வேண்டுமாம்."

தன் வயிறு தன்னைப் பாவி என்று சொன்னால் யாருக்குத்தான் மனம் வலிக்காது?

அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கல் இலையில் ஆவி பறந்தது. பொதியப்பன் ஏலக்காய் வாசனையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு (வாசனையைப் பார்க்க முடியாதுதான், அவன் பார்த்தான்) பலாமரத்தை நோக்கி நடந்தான். அந்த நஞ்சை அப்படியே விட்டால் வேறு யாராவது தின்று சாவார்கள் என்று சொல்லி, நயவன் அதை ஒரு பருக்கை விடாமல் அப்புறப்படுத்தினான்.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பொங்கல் வெள்ளிக்கிழமைதான் வரும். நரிக்கோ ஏழு நாளும் பசித்தது.

பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்த பொதியப்பனிடம் நயவன் மறுபடியும் வயிற்றில் காது வைத்துக் கேட்க வந்தான்.

"ஐயையோ, பலாப்பழமும் கூடாதாம்."

"இது பச்சைதானே தம்பி? எந்த அடுப்பில் வைத்தேன்?"

"காய் எப்படிப் பழமானது? வெயிலில். வெயில் என்பது என்ன? மேலே எரியும் அடுப்பு. பழுப்பது என்பதே நிதானமான சமையல்தான் என்கிறது உங்கள் வயிறு. படித்த வயிறு, அண்ணே."

தன் வயிறு படித்தது என்பதில் பொதியப்பனுக்குக் கொஞ்சம் பெருமைதான். பழத்தை நரியின் பக்கம் தள்ளிவிட்டான்.

பிறகு தேன் போயிற்று. தேனீக்கள் பூவின் சாற்றைக் கொண்டுவந்து இறக்கையால் விசிறி விசிறி வற்றவைக்கின்றன. வற்றவைப்பது சமையல் இல்லாமல் வேறென்ன என்று வயிறு கேட்டதாம். வற்றவைப்பது மட்டும் உண்மை. பொய்யோடு ஒரு பிடி உண்மையைச் சேர்ப்பது நரிகளின் கைப்பக்குவம். பிறகு கரையானும் போயிற்று. புற்றுக்குள் வெக்கையாம், கரையான் எல்லாம் அவிந்தே கிடக்கிறதாம்.

மிஞ்சியது அருகம்புல்.

"தலை சுற்றுகிறது தம்பி" என்றான் பொதியப்பன், புல்லை மென்றுகொண்டே.

"நஞ்சு வெளியேறுகிறது."

"கால் நடுங்குகிறது."

"அந்த வழியாகவும் வெளியேறுகிறது."

"நேற்று மரத்தில் ஏறப் போய்ப் பாதியில் விழுந்துவிட்டேன்."

"மொத்தமாக வெளியேறியிருக்கும். நல்ல சேதி அண்ணே."

பொதியப்பனின் தோல், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டதுபோல் தொளதொளத்தது. நயவனுக்கோ தொப்பை தரையைத் தொட்டது. ஓடைக்கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த முள்ளியக்கா என்ற முள்ளம்பன்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முதுகில் மட்டும் முள் என்று நினைத்துவிடாதீர்கள்.

"ஏன் கரடி, காற்றடித்தால் பறந்துவிடுவாய் போலிருக்கிறதே. வாலில் கல் கட்டிக்கொள்."

"உடம்பு சொல்வதைக் கேட்டு நடக்கிறேன், அக்கா."

"உன் உடம்பு எந்த நாட்டுப் பாஷை பேசுகிறது, மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறாயே?"

"நயவன் தம்பிக்குத்தான் புரியும். சும்மா செய்கிறான். ஒன்றும் வாங்குவதில்லை."

"வாங்குவதில்லையா? அவன் இடுப்பைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றாள் முள்ளியக்கா, கிழங்கைக் கடித்தபடி.

பொதியப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா? அடுத்த தடவை படுவதாக முடிவுசெய்து நகர்ந்தான்.

ஆடியின் கடைசி வெள்ளி வந்தது. அன்றைக்குப் படையல் பெரிது. முந்திரியும் திராட்சையும் மிதக்கும் பொங்கலின் மணம் காடு முழுக்கப் பரவியது. பொதியப்பன் ஒரு பாறையடியில் கிடந்தான். இன்றும் புல்தான் என்றால் நாளைக்கு எழுந்திருப்போமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழ முயன்றான். கால் மடங்கியது. அப்படியே சுருண்டு விழுந்தான்.

விழுந்தவனின் காது எதன் மேலோ மெத்தென்று பட்டது.

அவனுடைய வயிறு.

உடம்பு இளைத்ததில், இத்தனை நாளாக எட்டாதது எட்டிவிட்டது. பொதியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். உள்ளே 'கொர்ர்ர்' என்றது. காற்று கோயில் பக்கமிருந்து வீசியது. 'கொர்ர்ர்ர்ர்' என்று பலமாகச் சொன்னது. பக்கத்தில் கிடந்த அருகம்புல்லை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தான். வயிறு வாயே திறக்கவில்லை. மறுபடியும் காற்று வீசியது. மறுபடியும் 'கொர்ர்ர்ர்ர்'.

'பாஷை ஒன்றும் கடினமாக இல்லையே' என்று நினைத்தான் பொதியப்பன்.

அவன் எப்படிக் கோயில்வரை போனான் என்று கேட்காதீர்கள். பாதி நடந்தான், பாதி ஊர்ந்தான்.

அங்கே நயவன் இலையில் தலையைக் கவிழ்த்திருந்தான். கரடியின் நிழல் பொங்கல்மேல் விழுந்ததும் நிமிர்ந்தான். ஓடலாம் என்று எழுந்தான், தொப்பை எழவில்லை. அதற்குள் ஒரு பெரிய பாதம் அவன் வாலை மிதித்துவிட்டது.

"வாருங்கள் அண்ணே. நஞ்சை அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறேன்."

"நல்ல காரியம் தம்பி. ஒரு சேதி. என் வயிறு பேசுவதை இன்றைக்கு நானே கேட்டேன்."

"அப்படியா? உச்சரிப்பு கொஞ்சம் குழப்பமாக இருக்குமே."

"தெளிவாகவே இருந்தது. நரி வேண்டுமாம்."

நயவன் தொண்டையில் ஒரு முந்திரி சிக்கிக்கொண்டது.

"நரியா? நன்றாகக் கேட்டீர்களா?"

"இரண்டு தடவை கேட்டேன். சமைக்காத நரி என்று அழுத்திச் சொன்னது."

"அண்ணே, நான் பச்சை இல்லை. பிறந்ததிலிருந்து வெயிலில் அலைகிறேன். நன்றாக வெந்துவிட்டேன். நீங்கள் என்னைத் தொடவே கூடாது."

"ஓகோ. அப்படியென்றால் நீயும் பொங்கலும் ஒரே வகை" என்று யோசித்தான் பொதியப்பன். "எதை முதலில் தின்பது என்று வயிற்றையே கேட்டுவிடுகிறேன், இரு" என்று சொல்லிக் குனிந்து காதை வைத்தான். "ஓகோ" என்றான். "அப்படியா" என்றான். நரியை மேலும் கீழும் பார்த்தான்.

நயவன் முன்கால் இரண்டையும் கூப்பினான்.

"வேண்டாம் அண்ணே. வயிறு பேசாது. அன்றைக்குச் செரிக்காமல் கத்தியது. அப்புறம் கத்தியதெல்லாம் பசி. வெறும் பசி. மற்றதெல்லாம் நான் சேர்த்தது."

"பசி என்றுதான் என்னிடமும் சொன்னது" என்றான் பொதியப்பன். "நரியை மட்டும் நான் சேர்த்தேன்."

அப்போது எங்கேயோ 'கடமுடா' என்று ஒரு சத்தம் கேட்டது. பொதியப்பன் தன் வயிற்றைப் பார்த்தான். அங்கே இல்லை. நயவனின் தொப்பை, வாரக்கணக்கில் தின்ற பொங்கலும் பலாவும் தேனும் தாங்காமல், தரையோடு தரையாக முனகிக்கொண்டிருந்தது.

கரடி அந்தத் தொப்பையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன சொல்கிறது அண்ணே?" என்று கேட்டான் நயவன்.

"அருகம்புல் கேட்கிறது, தம்பி."

அன்று முனியப்பசாமி கோயில் வேம்படியில் இருவர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவன் பொங்கல் தின்றான். வயிறு போதும் என்றதும் நிறுத்திக்கொண்டான். மற்றவன் புல் தின்றான். அவன் எப்போது நிறுத்தலாம் என்பதையும் பொதியப்பனே காது வைத்துக் கேட்டுச் சொன்னான். சாயங்காலம் வரைக்கும் அந்தத் தொப்பை 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

நீதி: உன் வயிறு சொல்வதை உன் காதாலேயே கேள், நடுவில் ஆள் வைத்தால் அவன் வயிறுதான் பேசும்.