செங்கல் சிவப்பு

"எட்டு வருசமா தொண்டை கிழியப் பேசுறேன் மேடம். ஒருத்தர்கூட மாற மாட்டேங்கிறாங்க."

இப்படிச் சொல்லிவிட்டுக் காளிராஜ் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

பியூலா நிமிரவில்லை. மேசையில் ஒரு அலுமினிய ப்ளேட்டை விரித்து, சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு என்றால் தாடி வேண்டும், மலையடிவாரம் வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து நாலு வயது. சிவகாசியில் அச்சாபீஸ்களுக்கு, மிஷினில் மாட்டி அச்சடிக்கிற ப்ளேட் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறாள். சிஷ்யருக்கு நாற்பத்தாறு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார். தலையில் பாதி முடி போய்விட்டது. மீதியும் கிளம்பும் யோசனையில் இருக்கிறது.

காளிராஜுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதன் பெயர் மைக்கோல்.

படம் வரைய, நோட்டீஸ் போட, காலண்டர் வடிவமைக்க உதவும் மென்பொருள் அது. பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இப்படி ஒரு பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஊரே விலையுள்ள வேறு மென்பொருளின் திருட்டுப் பதிப்பில் வேலை பார்க்கிறதே என்று அவருக்கு மனசு ஆறாது.

அதனால் மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு வாசகர் மன்றத்து மாடியில் கூட்டம் போடுவார். பத்து மணிக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால், கேள்வியெல்லாம் கடைசியில் என்பார். பதினொன்றே முக்காலுக்கு எதிர்க்கடையிலிருந்து டீ மேலே வரும். எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

மாநாடு எங்கே நடந்தாலும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுவார். கொச்சி, புனே, ஹைதராபாத். திரும்பி வரும்போது ஒரு பை நிறைய ஸ்டிக்கர். மடிக்கணினியின் முதுகில் இடம் தீர்ந்துபோய், இப்போது சாப்பாட்டு டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

பியூலாவை அவர் கண்டுபிடித்ததே கொச்சியில்தான். மேடையில் பேசிய பெரிய மனிதர் ஒருவர் சாப்பாட்டு வரிசையில் இவரிடம், சிவகாசி என்றால் பியூலாவைத் தெரிந்திருக்குமே என்று கேட்டார். மைக்கோலைப் பழுது பார்க்கிற இருபது பேரில் அவளும் ஒருத்தியாம். காளிராஜ் தட்டைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அவள் கடை இவர் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு.

அன்றிலிருந்து அவள்தான் குரு. அவளைக் கேட்டுச் செய்த ஏற்பாடில்லை இது. இவராக வைத்துக்கொண்டது.

இப்போது தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது. போன கூட்டத்துக்கு மூன்றே பேர். மூன்று பேருக்கு நாலு ஃபேன் ஓடுகிறது என்று மன்றத்துச் செயலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வருகிற ஞாயிறு பத்துப் பேராவது வராவிட்டால், மாடி யோகா வகுப்புக்குப் போய்விடும்.

எட்டு வருசக் கூட்டம் அத்தோடு முடிந்தது.

"நான் எங்க தப்புப் பண்றேன் மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

பியூலா பூதக்கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ப்ளேட்டின் மேல் குனிந்து பார்த்தார்.

"என்ன தெரியுது அண்ணாச்சி?"

"புள்ளி. ஏகப்பட்ட புள்ளி."

"சரி," என்று கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான்.

*

மனிதருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

புள்ளி. புள்ளிக்கும் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? லேபில் மாணவர்கள் எதையோ கேட்க, இவர் எதையோ சொன்னார். மதியச் சாப்பாட்டில் ரசத்துக்கு முன்னாலேயே மோரை ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பொறி தட்டியது. ஒவ்வொரு மனிதனும் ஒரு புள்ளி. எல்லோரும் கூடினால்தான் படம். அடடா, என்ன ஞானம், என்ன ஞானம் என்று பூரித்துப்போய், வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு ஸ்லைடாக வரைந்தார். ஏற்கெனவே அவரிடம் எழுபத்திரண்டு ஸ்லைடு இருந்தது. இது எழுபத்து மூன்று.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினார்.

பியூலா பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது.

"புள்ளின்னா புள்ளிதான் அண்ணாச்சி," என்றாள்.

இவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சுவரொட்டி தயாரா என்று அவளே கேட்டாள். தயார்தான். எடுத்துக் காட்டினார். நல்ல குங்குமச் சிவப்பில் ஒரு சூரியன், நடுவில் ஒரு பேனா. அடியில் எட்டு வருசமாக மாறாத ஒரு வரி: 'இந்தச் சுவரொட்டி முழுக்க முழுக்க மைக்கோலில் செய்யப்பட்டது.' அந்த வரியில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வரியைப் பியூலா இரண்டு தடவை படித்தாள்.

"இந்தத் தடவை ஃபைலைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிராதீங்க. பேப்பர் வெளிய வர்ற வரைக்கும் கூடவே நில்லுங்க. ஃபைலை யாரையும் தொட விடாதீங்க."

எதற்கு என்று கேட்டார். அவள் அடுத்த ப்ளேட்டை எடுத்து விரித்தாள். இந்த மாதிரி குருவை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்?

*

காளிராஜின் சுவரொட்டிக்கென்று தனியாக மிஷின் ஓடாது. காலண்டர் தாள் ஓடும்போது ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் இவருடையதையும் சேர்த்து ஓட்டி, வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவன் சங்கிலி. அந்த அச்சாபீஸில் டிசைன் வேலை பார்க்கிறவன், நாற்பது வயது, அதிகம் பேசாத ஆள். கூட்டத்துக்கு வந்த அந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருவான்.

அன்றைக்கு ஃபைலைக் கொடுத்த பிறகும் காளிராஜ் நகராமல் நின்றதைப் பார்த்ததும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் போங்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். இவர் போகவில்லை. ஃபைலில் ஒரு சின்ன வேலை இருக்கிறது என்றான். ஒரு வேலையும் வேண்டாம் என்றார் இவர்.

"அப்படியே போடவா அண்ணாச்சி?"

"அப்படியே போடுங்க."

"பிறகு என்னையச் சொல்லக் கூடாது."

ஃபைல் பியூலா கடைக்குப் போய், ப்ளேட்டாகத் திரும்பி வந்தது. மிஷின் ஓடியது. முதல் தாள் வெளியே வந்தது.

தாளின் நடுவில் முருகன் ஜம்மென்று நின்றார். பட்டு வஸ்திரம் கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஓரத்தில் காளிராஜின் சூரியன். அது மழையில் நனைந்த செங்கல் மாதிரி இருந்தது.

மிஷினில் கோளாறு என்றார் இவர். மிஷின் ஓட்டுகிறவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதே தாளில், அதே மையில் முருகன் நன்றாகத்தானே வந்திருக்கிறார் என்றார்.

சங்கிலி பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினான்.

காளிராஜ் குனிந்தார். முருகனின் வஸ்திரத்தில் ரோஸ் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் மட்டும் இருந்தன. தன் சூரியனைப் பார்த்தார். அந்த இரண்டுக்கும் நடுவே கறுப்புப் புள்ளி, எள்ளை இறைத்த மாதிரி.

அவர் நிமிராமலே கேட்டார்.

"இத்தனை நாளும் நல்லாத்தானே வந்துச்சு?"

சங்கிலி பிடரியைச் சொறிந்தான். "மைக்கோல் ஃபைல்ல சிவப்போட கறுப்பும் கலந்து வந்துரும். நீங்க போனப்புறம் நான் திரும்ப வரைஞ்சிருவேன் அண்ணாச்சி. இங்க இருக்கிற சாஃப்ட்வேர்ல."

"எந்த மாசம்?"

"எல்லா மாசமும்."

எட்டு வருசம். அடியில் இருந்த அந்தப் பெருமை வரியையும் அவன்தான் மாதாமாதம் உட்கார்ந்து அடித்திருக்கிறான், திருட்டுப் பதிப்பில். காளிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா அவமானமா என்று அவருக்கே பிடிபடவில்லை. வெட்டிக் கொடுத்த எண்பது தாளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தார்.

*

"இது உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"ப்ளேட் நான்தானே போடுறேன்."

தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. பியூலா அமைதியாகப் பதில் சொன்னாள். மைக்கோலைப் பார்த்துக்கொள்கிற மற்றவர்களுக்கு அவள் மூன்று தடவை எழுதிப் போட்டிருக்கிறாள். வேறு யாரும் இதைச் சொல்லவில்லையே, ஒருவேளை உங்கள் கடையில் மட்டும்தான் இப்படி வருகிறதோ என்று மூன்று தடவையும் பதில் வந்திருக்கிறது.

"அவங்களை விடுங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே அண்ணாச்சி, புள்ளின்னு. நீங்க ஸ்லைடு போட்டுட்டீங்க."

காளிராஜ் அக்குளில் இருந்த தாள்களை எடுத்துப் பார்த்தார்.

இந்த எண்பதையும் கொளுத்திவிடுகிறேன் என்றார். கூட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், யோகாக்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்றார். அவர் சொன்னது நிஜமாகத்தான். அந்தக் கூட்டத்தை விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. அதையும் சொன்னார்.

"இதையே ஒட்டுங்க," என்றாள் பியூலா. "அச்சாபீஸ் தெரு பூரா."

"இதையா? பார்க்கிறவன் சிரிப்பான் மேடம். கீழ வேற மைக்கோல்ல செஞ்சதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

"இப்பத்தானே அது உண்மை."

சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்றும் புரியாமல் அவர் படியிறங்கினார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டினார். தெரிந்தவர் யாராவது வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிவகாசிக்காரன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான். செத்த சிவப்பைப் பார்த்தால் மட்டும் அவனால் சும்மா போக முடியாது. பைக்கை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இன்னொருவர் உள்ளே போய்ப் பக்கத்து டேபிள்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். டீக்கடையில் நின்று காளிராஜ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் கப்பலேறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், சுவரொட்டியின்மேல் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'கறுப்பு ஏறியிருக்கு.'

அதன் கீழே வேறு கையெழுத்தில்: 'எனக்கும் இதேதான். அதான் மைக்கோலை விட்டுட்டேன்.'

அதற்கும் கீழே: 'பச்சையும் இப்படித்தான்.'

காளிராஜ் மூன்றையும் படித்தார். திட்டுகிறார்களா, வேறு ஏதாவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை ப்ரொஜெக்டரும் எழுபத்து மூன்று ஸ்லைடுமாக மன்றத்து மாடி ஏறினார். போகிற போக்கில் எதிர்க்கடையில் நாலு டீ சொல்லி வைத்தார், வழக்கம் போலப் பதினொன்றே முக்காலுக்கு.

பத்து மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு நிற்கவே இல்லை. பத்துப் பேர் ஆனது. பதினைந்து ஆனது. நாற்காலி தீர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். எல்லோருடைய கையிலும் சுருட்டிய தாள்; விரிந்த ஓரங்களில் அதே செங்கல் சிவப்பு. செயலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, தானே போய் மிச்ச ஃபேனையும் போட்டுவிட்டார்.

கடைசியாகப் பியூலா வந்தாள். இதுவரை அவள் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வெற்று நோட்டைப் பிரித்து, பேனா மூடியையும் திறந்து வைத்துக்கொண்டாள்.

காளிராஜுக்கு நெஞ்சு விம்மியது. இத்தனை தலைகளை அவர் கொச்சியில்தான் பார்த்திருக்கிறார். கூட்டம் பிழைத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஸ்லைடைப் போட்டார். சுதந்திரம் என்றால் என்ன என்று ஆரம்பித்தார்.

கடைசி வரிசையில், ஜன்னல் ஓரம், ஒரு கை உயர்ந்தது. சங்கிலி.

"கேள்வியெல்லாம் கடைசியில தம்பி," என்றார் காளிராஜ், வாய்ப் பழக்கமாக.

அந்தக் கை இறங்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கையை அவர் முன்னேயும் பார்த்திருக்கிறார். போன மாதம். அதற்கு முந்தின மாதம். ஒவ்வொரு தடவையும் அது உயரும். இவர் சொன்னதும் இறங்கிவிடும்.

"கடைசியில டீ வந்துரும் அண்ணாச்சி," என்றான் சங்கிலி. குறை சொல்கிற மாதிரிக்கூட இல்லை, சும்மா சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. சுவர் ஓரத்தில் நின்ற இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

காளிராஜ் பியூலாவைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ப்ரொஜெக்டரைப் பார்த்தார். இன்னும் எழுபத்திரண்டு ஸ்லைடு இருந்தது.

அவர் அதை அணைத்தார். ஜன்னலுக்குப் போய், சங்கிலியின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, டீயை இப்பவே கொண்டாங்க."