வரிசையில் நின்ற செருப்பு

எந்த நாட்டுத் தேர்தலானாலும் ஏதோ ஒரு நேரத்தில் கதவை மூடித்தான் ஆக வேண்டும். அப்போது வரிசையில் நிற்பவர்களை என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் ஒரு வழி உண்டு. கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்பக்கமாக எண் போட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். பிறகு வருகிறவர் வாலில் ஒட்டிக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அதில் ஒரு சிக்கல் வந்தது. நிதானமாகப் படியுங்கள்.

கரிசல்காட்டு ஊர் ஒன்றின் பள்ளிக்கூடம். அதற்கு ஒரே வாசல். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில். ஓட்டு இயந்திரம் இரண்டு முறை நின்றுபோனதால் மாலை ஆறு மணிக்கும் வரிசை நீண்டிருந்தது. காவலர் இருதயராஜ் வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டுக் கொடுக்கத் தொடங்கினார். கடைசியில் நின்ற சங்கையாவுக்கு ஒன்றாம் எண். அவருக்கு முன்னால் ஆள் இல்லை. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது, ரேஷன் கடையில் இடம் போட்டு வைப்பதுபோல. காவலர் அதைத் தாண்டிப் போனார். மொத்தம் இருபத்துமூன்று சீட்டு.

கொஞ்ச நேரத்தில், கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கழிப்பறைப் பக்கமிருந்து ஈரக்காலோடு குருவம்மாள் வந்தாள்.

"எனக்குச் சீட்டு எங்கண்ணே?"

"முடிஞ்சுபோச்சும்மா. நான் வரும்போது நீ இல்ல."

"செருப்பு இருந்துச்சுல்ல?"

"செருப்போட பேரு லிஸ்டுல இருக்கா?"

வரிசை சிரித்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. போன தேர்தலில் அவளை இறந்தவள் என்று சொல்லிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். உயிரோடு இருப்பதைக் காட்டுவதற்காகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு நாலு முறை தாலுகா ஆபீசுக்கு அலைந்திருக்கிறாள்.

"இன்னிக்கும் போடலைன்னா மறுபடி சாகடிச்சிருவாங்கண்ணே."

சங்கையா சிங்கப்பூரில் பதினொரு வருஷம் கட்டட வேலை பார்த்தவர்.

"அங்க ஓட்டுப் போடாதவன் பேரை அடிப்பான். இங்க போட வந்தவ பேரை அடிக்கான்" என்று சொல்லித் தன் சீட்டை அவள் கையில் வைத்தார். "நீ போடு தாயி. ஓட்டு இல்லாம இருந்து எனக்குப் பழக்கம்தான்."

விஷயம் தலைமை அலுவலர் பத்மாசனி டீச்சரிடம் போனது. முந்தின இரவு அதே பள்ளியின் பெஞ்சில் தூக்கமில்லாமல் கிடந்தவர். கையேட்டைப் புரட்டினார். 'மூடும் நேரத்தில் வாக்குச்சாவடியில் இருக்கும் வாக்காளர் அனைவரையும் அனுமதிக்க வேண்டும்' என்று இருந்தது. சீட்டைக் கைமாற்றுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"சீட்டும் இருபத்துமூணு, ஆளும் இருபத்துமூணு. விடுங்க சார்" என்று காவலரிடம் சொன்னார்.

குருவம்மாள் கடைசியாக உள்ளே போய் ஓட்டுப் போட்டாள்.

ஆள் இல்லாத இடத்துக்குச் சீட்டு இல்லை என்றார் காவலர். தன் சீட்டையே கொடுத்தார் சங்கையா. எண்ணிக்கை பொருந்துகிறது என்று விட்டுவிட்டார் டீச்சர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒருவரும் இல்லை. வரிசையில் இருந்தாளா என்று கையேடு கேட்கவில்லை. வாக்குச்சாவடியில் இருந்தாளா என்றுதான் கேட்கிறது. ஆறு மணிக்கு வாசல் பூட்டியாயிற்று, சாவி காவலர் பையில். பூட்டிய பிறகு உள்ளேயிருந்து நடந்து வந்தவள் பூட்டுவதற்கு முன்பே உள்ளே இருந்தவள்தானே? இருபத்துநான்காவது சீட்டு ஒன்றை எழுதியிருந்தால் இருவருமே ஓட்டுப் போட்டிருக்கலாம். சங்கையாவின் மனசு பெரிசுதான், ஆனால் அதற்குத் தேவையே வந்திருக்கக் கூடாது. எண்ணிக்கை பொருந்திவிட்டதால் அவர் ஓட்டு விடுபட்டது எந்தத் தாளிலும் ஏறவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒருத்தன் மட்டும் கேட்டான்: "என்ன சித்தப்பா, விரல்ல மையைக் காணோம்?" சங்கையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கழுவினதுல போயிருச்சுப்பா."