வீடு வேண்டி அடுக்கிய கல்

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். பார்ப்பவர்கள் தடுமாறுவார்கள். கோர்சிகா தீவில், மலையடிவாரத்து விடுதியை நடத்திய அம்மாள், குரு உமையாளைச் சீடர் தணிகாசலத்தின் தங்கை என்று நினைத்துவிட்டாள். தங்கையின் பையையும் அண்ணன்தானே தூக்க வேண்டும் என்று பிரெஞ்சில் அவரைக் கடிந்துகொண்டாள். தணிகாசலம் அதைத் தமிழில் சொன்னதும், உமையாள் தோளிலிருந்து பையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார்.

தணிகாசலம் புதுச்சேரிக்காரர். இளவயதிலேயே பிரான்சுக்குப் போய் மர்சேய் நகரத்தில் நிலைத்துவிட்டவர். வருஷம் தவறாமல் விடுமுறைக்கு ஊர் வந்து, காரைக்குடிப் பக்கத்தில் உமையாளிடம் தங்கித் தியானம் பயின்றவர். இப்போது மர்சேயில் சிலர் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நீங்களே எங்களுக்குக் குருவாக இருந்து சொல்லிக்கொடுங்கள் என்று அவரைக் கேட்டிருந்தார்கள். உமையாள் சரி என்றால் அடுத்த வாரமே தொடக்கம்.

உமையாள் பிரான்சுக்கு வந்து இறங்கிய அன்றே தணிகாசலம் கேட்டார். இந்தக் கடலுக்கு நடுவில் ஒரு மலை இருக்கிறதாமே, போய்ப் பார்க்கலாமா என்றார் உமையாள். கப்பலிலும் கேட்டார். கப்பல் ஏன் ஆடவே மாட்டேன் என்கிறது என்று உமையாள் திருப்பிக் கேட்டார்.

மலைக்குப் போகும் சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியில் இருந்தன. ஒன்றின்மேல் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள். எது அழிந்தது என்று உமையாள் விசாரித்தார். அரசாங்கத்தின் மொழி என்றார் தணிகாசலம்.

"தார் டப்பா இங்கேயும் வந்துடுச்சா" என்று உமையாள் சிரித்தார்.

செஸ்ட்நட் மரங்களின் அடியில் பன்றிகள் மேய்ந்தன. யாருடையவை என்றார் உமையாள். தணிகாசலம் விளக்கினார். அந்தக் காட்டின் வாசனை எந்தச் செடியிலிருந்து வருகிறது, பாறை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று எதைக் கேட்டாலும் விளக்கினார். இத்தனை வருஷம் மர்சேயில் இருந்தும் அவர் ஒரு மலையும் ஏறியதில்லை. தெரிந்ததற்கும் பதில் சொன்னார், தெரியாததற்கும் சொன்னார்.

உமையாள் எல்லாவற்றையும் தொட்டும் முகர்ந்தும் பார்த்துக்கொண்டு வந்தார். காற்று குடைந்த பெரிய பாறை ஒன்று குகைபோல வாய் திறந்திருந்தது. அதற்குள் தலையை விட்டு மெதுவாக ஓர் ஓசை எழுப்பினார். பாறை முழுவதும் அது சுற்றி வந்தது. நீங்களும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். உப்புக்காற்று கல்லை எப்படி அரிக்கிறது என்று தணிகாசலம் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கிய இடத்தில் கல்லடுக்குகள் தென்பட்டன. முழங்கால் உயரம்கூட இல்லை. கல்மேல் கல்லாக நாலைந்து கல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"இது என்ன?"

நம்மூர் மலைக்கோயிலில் சொந்த வீடு கட்ட வேண்டிக்கொண்டு கல் அடுக்குவார்களே, அதேதான் என்றார் தணிகாசலம். மனிதர் ஆசை எங்கே போனாலும் ஒன்றுதான் என்று ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொண்டார்.

"அப்படியா?" உமையாள் குனிந்து பார்த்தார்.

தணிகாசலத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது. வலப்புறம் சற்று விலகி, கடல் தெரிகிற இடத்தில் ஒரு பாறைத்திட்டு இருந்தது. தட்டையான கற்களாகத் தேடிக் கொண்டுவந்தார். வியர்க்க வியர்க்க அடுக்கினார். அவருடைய இடுப்புக்கு வந்தது. அந்த மலையில் அவர்கள் பார்த்த எதுவும் அவ்வளவு உயரம் இல்லை, அவ்வளவு நேராகவும் இல்லை. உமையாள் ஒரு கல்லில் உட்கார்ந்து உலர்ந்த அத்திப்பழம் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வீடுதான்."

"எந்த வீடு?"

தணிகாசலம் சிரித்தார். அறம் பொருள் இன்பம் எல்லாம் தாண்டி வருகிற வீடு என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் வேண்டிக்கொண்டது மர்சேய்க் கூடத்தை என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "நான் சொல்லிக்கொடுக்கலாமா, அம்மா?" என்றார்.

உமையாள் எழுந்து வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். "விழாம எப்படி நிக்குது?" என்றார்.

மலைமேல் ஓர் ஏரி இருந்தது. அதைப் பார்க்க ஏறினார்கள். பாதி வழியில் கீழேயிருந்து மேகம் ஏறி வந்தது. முதலில் கடல் போயிற்று. பிறகு பள்ளத்தாக்கு போயிற்று. நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்றார் உமையாள். திரும்ப வழி வேண்டும். பாறையில் காலடி பதியாது.

தணிகாசலம் இந்தப் பக்கம் என்றார். பிறகு அந்தப் பக்கம் என்றார். உமையாள் ஒரு சிறிய கல்லடுக்கின் பக்கத்தில் அசையாமல் நின்று வெண்மைக்குள் கூர்ந்து பார்த்தார்.

"தணிகாசலம், இங்க வந்து நில்லுங்க. அதோ, தெரியுதா?"

மேகம் ஒரு கணம் இளகியபோது அடுத்த அடுக்கு மங்கலாகத் தெரிந்தது. அதனிடம் போனார்கள். அங்கே நின்றால் அதற்கு அடுத்தது தெரிந்தது. உமையாளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஒவ்வொன்றிடமும் நின்று, அடுத்ததைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று அவரைத் தடுத்து வைத்தார்.

"இது வேண்டுதல் இல்ல போலிருக்கே" என்றார். "வழி காட்ட வச்சிருக்காங்க."

தணிகாசலம் நின்றுவிட்டார். பிறகு வேகமாக நடந்தார். குருவை அவர் முந்திப் போனது அன்றைக்குத்தான்.

பேச்சுக்குரல் இடப்புறத்திலிருந்து வந்தது. ஏறும்போது வலப்புறம் இருந்த பாறைத்திட்டு அது. உயரமான கல்லடுக்கின் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நனைந்த வரைபடம் கையில் இருந்தது. அவர் மனைவி அடுத்த அடுக்கைத் தேடித் திட்டுக்குக் கீழே சரிவில் இறங்கியிருந்தாள். அவளால் மேலே வர முடியவில்லை. கால் வைத்த இடமெல்லாம் சரளை பெயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் போய் விழும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் குப்புறப் படுத்து உமையாளின் சால்வையைக் கீழே விட்டார். கணவர் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். அவள் சால்வையைப் பற்றிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தாள். தணிகாசலம் அவர்களைப் பாதைக்குக் கூட்டிவந்து, சின்ன அடுக்குகளைக் காட்டினார். கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். மனைவி அந்த உயரமான அடுக்கைக் காட்டி ஏதோ கேட்டாள். தணிகாசலம் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். இருவரும் கல்லுக்குக் கல் பார்த்து இறங்கி மேகத்தில் மறைந்தார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் உமையாள்.

"நன்றி சொன்னாங்க."

"பிரெஞ்சுல நன்றி அவ்வளவு நீளமா?"

தணிகாசலம் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தார்.

"எந்த முட்டாள் அதை அங்க வச்சான்னு அந்தம்மா கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்."

உமையாள் சால்வையைப் பிழிந்தார்.

தணிகாசலம் விடுவிடுவென்று திட்டுக்குப் போய்க் காலைத் தூக்கினார்.

"உதைக்காதீங்க. கீழ இன்னும் யாராவது இருந்தா? வச்ச மாதிரியே ஒண்ணொண்ணா எடுங்க."

ஒவ்வொன்றாக எடுத்தார். அடுக்கியதைவிட எடுப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. எந்தக் கல் எங்கே கிடந்தது என்று உமையாள் கேட்டுக்கொண்டே இருந்தார். தணிகாசலத்துக்குச் சிலது நினைவிருந்தது, சிலது தெரியவில்லை. தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றார். திட்டு வெறுமையானதும் இரண்டு பைகளையும் குருவின் பக்கத்தில் வைத்துவிட்டு, பிஸ்கட் பொட்டலத்துடன் கீழே இறங்கிப் போனார்.

உமையாள் சின்ன அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆடு வந்து அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார்.

தணிகாசலம் மூச்சிரைக்க ஏறி வந்தபோது முழங்கால் சிராய்த்திருந்தது.

"பிடிச்சுட்டீங்களா?"

"பிடிச்சேன். வச்சது நான்தான்னு சொன்னேன். தெரியாதுன்னது பொய்ன்னும் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவர் சிரிச்சார். அந்தம்மா சிரிக்கல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கையை நீட்டிப் பிஸ்கட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க."

உமையாள் வாய்விட்டுச் சிரித்தார். ஆடு மிரண்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத் தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும், அவர் இரண்டு பைகளையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மர்சேய்ல வேண்டாம்னு சொல்லிடறேன், அம்மா."

உமையாள் அடுத்த அடுக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன்? அடுத்த வாரமே ஆரம்பிங்க. முதல் நாள் இதைச் சொல்லுங்க."

"கல் வச்சதையா?"

"கல் வச்சதை. தெரியாதுன்னு சொன்னதை. பிஸ்கட்டையும் சொல்லுங்க."

"அதைக் கேட்டா எல்லாரும் எழுந்து போயிடுவாங்க."

"போகாதவங்களுக்குச் சொல்லிக்கொடுங்க."